மாடித் தண்ணீர் போகும் வழி

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், டீச்சர்.

பொழுது அடைந்த பிறகுதான் அது வரும். பகலில் வந்தாலும் தெரியாது. மேலே கொத்தனார் தட்டுகிற தட்டில் எதுவும் கேட்காது. வேலை ஆட்கள் இறங்கிப் போயிருப்பார்கள். நான் குழந்தையை மடியில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருப்பேன். வாசல் கதவுக்கு மேலே, சுவருக்குள்ளே, யாரோ தொண்டையைச் செருமுவார்கள். 'க்ர்ர்... ளக்.' பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிரமைதான் என்று நினைத்து அடுத்த வாய் பிசைகிறபோது மறுபடியும் ஒரு செருமல். ஆண்பிள்ளைச் செருமல். வயதான ஆண்பிள்ளை.

என் மாமனார் அப்படித்தான் செருமுவார். வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நின்று ஒரு செருமல். மருமகள் ஹாலில் எப்படி இருக்கிறாளோ, எழுந்து சரிசெய்துகொள்ளட்டும் என்று. மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், டீச்சர். என் மகள் பிறப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படியானால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மாடி வீட்டைப் பார்க்க நீங்கள் இன்று சாயங்காலம் வந்தபோது ஹாலில் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தேனே, அது நான்தான். பெயர் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி பொண்டாட்டி, டீச்சரம்மா. தங்கமான பிள்ளை, வாயே தொறக்காது" என்று ஸ்டனி அத்தான் சொல்லிவிட்டார். ஜெஸிந்தா என்பது என் பெயர். குழந்தை நித்திலா. ஸ்டனி அத்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன்.

நீங்கள் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும்போது, "புடிச்சிருக்கு சார். தை பொறந்ததும் அம்மாவைக் கூட்டிட்டு வந்து பால் காய்ச்சிர்றேன்" என்றீர்கள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நான் படித்த கான்வென்டில், விடை தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும் என்பார்கள் சிஸ்டர். எனக்கு விடை தெரியும், கை எழும்பாது. பரீட்சைத் தாளில் மட்டும் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். "ஜெஸிந்தா, உனக்கு வாய் பேனாவிலா இருக்கிறது?" என்று சிஸ்டர் அகஸ்டினா கேட்டு வகுப்பே சிரித்தது. இன்றைக்கும் அதே கதைதான். குழந்தை தூங்குகிறாள். எழுதுகிறேன்.

இந்த வீட்டை மாமனார் பிரித்துக் கொடுத்தது இப்படி: தரை சின்னவனுக்கு, மாடி பெரியவனுக்கு. மாடி என்றால் அப்போது வெறும் மொட்டை மாடி. அதற்கு ஏறுகிற படி எங்கள் ஹாலுக்குள்ளேதான் இருக்கிறது, நீங்களே ஏறினீர்களே. ஸ்டனி அத்தான் மேலே வீடு கட்டப் போகிறேன் என்றபோது நியாயம்தானே என்றுதான் எனக்குத் தோன்றியது. "வெளிய தனியாப் படி கட்டிருவோம்மா. மொதல்ல மேல ஒரு கூரை ஏறட்டும்" என்றார். வாசல் கதவுக்கு மாமனார் காலத்திலிருந்தே ஒரு சாவி அவரிடம் உண்டு. காலையில் அவர் கதவைத் திறந்து ஆட்களை விடுவார், அவர்கள் எங்கள் ஹால் வழியாக மணலும் செங்கல்லும் சுமந்து மேலே போவார்கள். நான் குழந்தையோடு உள் அறைக்குப் போய்விடுவேன். தினமும் ஹாலைக் கழுவுவேன். அவர்களும் பாவம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள்.

என் வீட்டுக்காரர் கிளெமென்ட் கப்பலில் இருக்கிறார். எஞ்சின் ரூமில் ஃபிட்டர். கரை பிடித்தால்தான் பேச முடியும்.

நீங்கள் காரைக்குடிப் பக்கம். எங்கள் தூத்துக்குடித் தண்ணீர்க் கஷ்டம் இதற்குள் உங்களுக்கும் பழகியிருக்கும். குழாயில் நினைத்த நாளில் வராது. லாரித் தண்ணீரை வாங்கித்தான் கட்டடத்தை நனைக்க வேண்டும். கான்கிரீட் போட்டால் அதன்மேல் சின்னச் சின்னதாய்ப் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துவார்கள். அது குடித்துக் குடித்து இறுகும். அந்தத் தண்ணீர் வழிந்து தெருவுக்குப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஸ்டனி அத்தானுக்கு ரொம்பவே எரியும். அவர் எதையும் வீணாக்க மாட்டார். நல்ல குணம்தானே அது.

தூண் எழுப்புவதற்காகப் பழைய மாடித் தளத்தில் மழை இறங்காமல் இருக்கப் பதித்திருந்த தட்டோடுகளை மூலைக்கு மூலை உடைத்தார்கள். ஜல்லியை அதன்மேல்தான் கொட்டினார்கள். சிமென்டை அதன்மேல்தான் குழைத்தார்கள். மம்பட்டி விழும்போதெல்லாம் கீழே என் பல் கூசும். பிறகு எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே ஒரு பாத்ரூம் வந்தது. வேறு இடமே இல்லையா அத்தான் என்று கேட்க நினைத்தபடி ஹாலைக் கழுவினேன்.

மழைக் காலம் தொடங்குவதற்கு முன்பே எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு கறை வந்துவிட்டது. தேத்தண்ணீர் சிந்தின மாதிரி. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மூக்கும் தாடையுமாக ஒரு முகம். நித்திலா அதைக் காட்டி, "தாத்தா" என்றாள். ஹாலில் மாமனார் படத்தைக் காட்டித் தாத்தா தாத்தா என்று நான்தான் பழக்கியிருந்தேன்.

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளைத் துணியெல்லாம் வீட்டுக்குள்ளயா காயப் போடுதே?"

"ஆமா அத்தான். வெளிய சிமென்ட் தூசி..."

"அதாம். அந்த ஆவி மேல போயிப் பிடிக்குது. ஜன்னலையும் பூட்டியே வச்சிருக்கே. வீடுன்னா மூச்சு விட வேண்டாமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து துணியை வாசல் கேட்டில் காயப்போட்டேன். காக்காய் எச்சமிட்டது, மறுபடி துவைத்தேன். குழந்தையின் பால்புட்டியைக்கூடக் கொதிக்க வைக்காமல் வெறும் சுடுதண்ணீரில் அலசினேன். கறை நிற்கவில்லை, டீச்சர். தாத்தாவுக்குத் தாடி முளைத்தது.

அப்புறம் செருமல் தொடங்கியது.

புளோரா அக்காவிடம் சொன்னேன். அத்தானின் மனைவி, எனக்கு ஓரகத்தி. அடுத்த தெருவில்தான் வீடு. வந்து கறையைப் பார்த்தாள். வாசலில் நின்று காது கொடுத்தாள். அன்று பார்த்து நன்றாகவே செருமியது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாமாதாம்டி. அவுக கட்டுன வீட்ட இடிச்சு மாத்துதோம்லா, ஆத்துமா அடங்கல."

கல்லறைத் திருநாள் பக்கத்தில் இருந்தது. மாமா பேருக்குப் பூசைக்குச் சொல்லி, கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு போனோம். திரும்பி வந்து தீர்த்தத்தைக் கறை இருக்கிற பக்கமெல்லாம் அக்கா தெளித்தாள். ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற சுவரில் இன்னும் தண்ணீர் தெளிக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைப்பதே பாவம் என்று உடனே விட்டுவிட்டேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

மழையில் என்னவெல்லாம் நடந்தது என்று உங்களுக்குச் சொன்னால் நம்புவீர்களோ. படுக்கையறை ஃபேன் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓடுகிற ஃபேன். அறை முழுக்கப் பன்னீர் தெளித்த மாதிரி. லைட் சுவிட்சைத் தொட்டேன், விரலில் சுருக்கென்றது. அன்றிலிருந்து அந்த அறையில் மெயினை அணைத்துவிட்டு மெழுகுவர்த்திதான். நித்திலாவுக்கு நெஞ்சில் வீசிங் வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும், பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் புகை வைத்துவிட்டு, "வீட்ல ஈரம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். "துணி காயப் போடுவேன் டாக்டர்" என்றேன்.

ஒரு நாள் சமையலறையில் இருந்தேன். குழந்தை என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே 'தொப்'பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தொட்டிலில் கூரையின் பூச்சு, அகலமாக ஒரு தோசைக்கல் அளவுக்கு விழுந்து கிடக்கிறது. தொட்டில் துணி கிழிந்து தரை தொட்டிருக்கிறது. அவள் மட்டும் அன்றைக்கு அடம்பிடித்து என்னோடு வராமல் இருந்திருந்தால்? அதற்குமேல் அந்த நினைப்பை நான் ஓட விடுவதில்லை.

ஸ்டனி அத்தான் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆள் கூட்டி வந்தார். அந்த ஆள் விழுந்த இடத்தைக் கொத்தி, பூசி, பட்டி பார்த்து, வெள்ளையடித்தான். குழந்தைக்கு பிஸ்கட்கூட வாங்கி வந்தார் அத்தான். "இப்ப பாரு, புது வீடு மாதிரி இருக்கு" என்றார். இருந்தது. அடுத்த மழை வரைக்கும் இருந்தது. பிறகு பட்டி அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

"ஒன் அண்ணன் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயி இரேன்மா. பிள்ளைக்கும் மாத்தா இருக்கும். நா கீழ்வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றார். எவ்வளவு அக்கறை பாருங்கள். ஆனால் கோவில்பட்டியில் என் அண்ணன் வீடு ஒற்றை அறை. அங்கே எங்கே போக?

கிளெமென்ட்டின் கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது பேசினார். ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்தார்.

"அடியே ஜெஸி, கப்பல்ல தண்ணி கசிஞ்சா உள்பக்கம் பெயிண்டா அடிப்போம்? அடிச்சா சீஃப் என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுருவாம். தண்ணி எந்தப் பக்கம் நிக்கோ அந்தப் பக்கம்தாம் அடைக்கணும். மொதல்ல நிக்கிற தண்ணிய வெளியேத்தணும். அப்புறம் வெடிப்பக் கொத்தி அடைக்கணும், அதுமேல தண்ணி எறங்காத பூச்சு, அதுக்கு மேல தண்ணி ஓடுற வாட்டம் பாத்துத் தளம். எல்லாம் முடிச்சுத் தண்ணிய நிப்பாட்டி வச்சு, கீழருந்து நாள் கணக்காப் பாக்கணும். ஒழுகுற எடமும் சொட்டுற எடமும் ஒண்ணா இருக்காது, பாத்துக்கோ. தண்ணி உள்ளுக்குள்ளயே நடந்து போயி வேற எங்கயாவது எட்டிப் பாக்கும்."

"இத அப்படியே அத்தான்கிட்டச் சொல்லுங்களேன்."

"ஹலோ? ஜெஸி? சத்தம் விட்டு விட்டு வருது..."

எனக்கு அவர் குரல் விட்டு விட்டெல்லாம் வரவில்லை. கப்பலில் எப்படியோ, தெரியாது. அவருக்கு அண்ணன் என்றால் அப்பா ஸ்தானம். அதில் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

இதற்கு நடுவில் வாசல் கதவும் போயிற்று. சுவரில் ஊறிய ஈரம் நிலையில் இறங்கி, மரம் உப்பிவிட்டது. ஓங்கி இழுத்தால் கீழே பூட்டு மட்டும் எப்படியோ விழும். மேல் தாழ்ப்பாள் விழாது; துளைக்கு ஒரு விரல்கடை தள்ளியே நிற்கும். பூட்டுக்குச் சாவி அத்தானிடம் ஒன்று, அவர் இல்லாத நாளில் கொத்தனாரிடமும் அது போகும். தனியாக, பெண்குழந்தையோடு, தாழ்ப்பாள் விழாத கதவுக்குப் பின்னால் எப்படித் தூங்குவது? காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டுக்குள் ஒரு தம்ளர். காலையில் அத்தான் சாவி போட்டுத் தள்ளும்போது எல்லாம் உருண்டு விழுந்து ஊரைக் கூட்டும்.

"என்னம்மா, கடையா வச்சிருக்கே இங்க?" என்பார்.

"ஸாரி அத்தான்" என்பேன்.

இந்தச் சமயத்தில்தான் நீங்கள் முதல் தடவை வந்தீர்கள். கார்த்திகையில், தூறலில், குடையோடு. உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது, எனக்கு மறக்காது. மேலே போனீர்கள். புது வீட்டுக்கு முன்னால் மீதியிருக்கிற மொட்டை மாடியில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. நீங்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டது கீழே படியடியில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஏன் சார், கணுக்கால் தண்ணி நிக்குதே, இதெல்லாம் எங்கிட்டுப் போகும்?"

"வெயில் அடிச்சாப் போயிரும் டீச்சரம்மா."

"அது மேல போற வழி சார். கீழ போற வழி எது?"

அத்தான் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டீர்கள்.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. இத்தனை நாளில் நாங்கள் எல்லோரும் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். கறை எதனால், சத்தம் யாருடையது, துணி எங்கே காயப்போட்டேன். நிற்கிற தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மாமனார் இருந்தபோது மழை பெய்தால் சந்துப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டும்; கல்யாணமான புதிதில் நான் அதில் வாளி வைத்துப் பிடித்திருக்கிறேன். இந்த மழைக்கு அந்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு வந்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் மழையென்று வேலை ஆட்கள் வரவில்லை. குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். வீடு கட்ட ஆரம்பித்த பிறகு நான் மேலே போனது அதுதான் முதல் தடவை. நம் வீடில்லையே, கேட்காமல் போகலாமா என்று ஒவ்வொரு படியிலும் தயங்கினேன். சந்துப் பக்க மூலையில், வாசல் கதவுக்கு நேர் மேலே, சென்ட்ரிங் பலகைகளைச் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். ஒன்றொன்றாக இழுத்துப் போட்டேன். அடியில், கைப்பிடிச் சுவரின் காலில், குழாயின் வாய். வாய்க்குள் துணி. சிமென்ட் பால் படிந்து கல்லாக இறுகிய துணி. ஒரு கம்பியை விட்டு நெம்பினேன். நகரவில்லை. குழந்தையை இறக்கி நிற்க வைத்துவிட்டு, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தேன்.

'க்ர்ர்ர்...' என்று சுவருக்குள் நீளமாக ஒரு செருமல், டீச்சர். மாமா கடைசித் தடவையாகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. நித்திலா கை தட்டினாள்.

கீழே சந்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார் போலிருக்கிறது.

"எவம்ல அது மேலருந்து தண்ணியத் தொறந்து விட்டது! சீட்டெல்லாம் போச்சே!"

நான் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர் கத்தி ஓய்ந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை.

துணியை உதறிப் பார்த்தேன். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. கரையில் ஒரு பொன் இழை ஓடும். கிளெமென்ட் போன தடவை கப்பலிலிருந்து வந்தபோது அண்ணனுக்கென்று வாங்கி வந்த லுங்கி. அது மாதிரி இந்த ஊரில் வேறு கிடையாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை ஊறவைத்து, சிமென்ட்டைச் சுரண்டி, மூன்று தண்ணீரில் அலசி, கேட்டில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எடுத்த பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் என்னுடையது.

"மாடியில இருந்துச்சு அத்தான். தண்ணிக் குழாய்க்குள்ள."

புளோரா அக்காதான் பிடுங்கிப் பார்த்தாள். "அட, இத எங்கெல்லாம் தேடுனேன்! இது எப்படிங்க அங்க போச்சு?"

"கொத்தன்மார் எவனாவது எடுத்துச் சொருகியிருப்பாம். நனைக்கிற தண்ணி போயிரும்லா" என்றார் அத்தான். தேத்தண்ணீரைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. சங்கடப்பட்டுவிட்டார் போல. நான் இஸ்திரி போட்டிருக்கக் கூடாது.

அதன் பிறகு செருமல் இல்லை. புளோரா அக்கா பூசை பலித்துவிட்டது என்றாள். எத்தனை மழை பெய்தும் மாடியில் தண்ணீர் நிற்கவில்லை, ஃபேன் சொட்டவில்லை. மார்கழி வெயிலில் சுவர் மெதுவாக வெளுத்தது. கறை காய்ந்து மஞ்சளாக நின்றது. அத்தான் ஆள் விட்டு மறுபடியும் வெள்ளையடித்தார். இன்று உங்களிடம், "லீக்கேஜ் இருந்துச்சு டீச்சரம்மா, மறைக்க மாட்டேன். நானே நின்னு கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்காக நான் எழுத உட்காரவில்லை.

உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். போன வாரம் மேல் பாத்ரூமில் குழாய் மாட்டி, தண்ணீர் திறந்து பார்த்தார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. ஆனாலும் மறுநாள் காலையில் எங்கள் படுக்கையறைக் கூரையில், வெள்ளையடித்த இடத்தில், உள்ளங்கை அகலம் ஈரம். அது வேறு தண்ணீர், டீச்சர். உடைந்த பழைய தட்டோட்டின்மேல் ஒரு பூச்சும் பூசாமல் அப்படியே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். நான் உள்ளே இருந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். கிளெமென்ட் சொன்ன மாதிரி செய்வதானால் அந்த டைல்ஸைப் பெயர்த்துத்தான் செய்ய வேண்டும்.

அத்தானிடம் சொன்னேன். நானாகவே போய்ச் சொன்னேன்.

"புது பாத்ரூம்னா அப்படித்தாம்மா. ஆள் குடி வந்து பொழங்கப் பொழங்க சோப்பும் அழுக்கும் எறங்கித் தன்னால அடைஞ்சிரும்."

அப்படியும் இருக்குமோ என்று ஒரு ராத்திரி பூராவும் யோசித்தேன். அப்புறம் தொட்டில் கட்டியிருந்த கொக்கியைப் பார்த்தேன்.

நீங்களும் உங்கள் அம்மாவும் காலையில் குளிப்பீர்கள். துவைப்பீர்கள். குளிக்காதீர்கள் என்று நான் சொல்ல முடியுமா? அந்தத் தண்ணீர் எந்த வழியாகவோ நடந்து வந்து என் குழந்தை மூச்சில் இறங்கும். உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்துவிடுமோ என்றுகூடப் பயமாக இருக்கிறது. நீங்கள் பார்க்க நல்லவர்களாக இருக்கிறீர்கள். நித்திலா கன்னத்தைத் தொட்டீர்கள்.

அதனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பால் காய்ச்சுவதற்கு முன்னால் அந்த பாத்ரூம் தரையில் தண்ணீரைக் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டையைத் துணியால் அடைக்கத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரியுமே. சில நாள் கழித்துக் கீழே வந்து எங்கள் கூரையைப் பாருங்கள். பார்த்துவிட்டு, எங்கிட்டுப் போகுது என்று அவரிடம் கேளுங்கள். நான் கேட்டால் சிரிப்பார். நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி என்றீர்கள்; வெளியே தனிப்படி எப்போது வரும் என்றும் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தான் உங்களை அனுப்பிவிட்டுப் போகும்போது வாசல் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவர் ஓங்கி இழுக்கவில்லை. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. வழக்கம் போலச் சிலிண்டரை உருட்டப் போனேன், இப்போதுதான். போனவள் நின்றுவிட்டேன். விரலை வைத்து நிலையைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. கதவு நிலைக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது.

அத்தான் நாளைக் காலையில் வருவார்; மேலே பெயிண்ட் வேலை பாக்கி இருக்கிறது. சாவியைப் போடுவார். பூட்டுத் திறக்கும். கதவு திறக்காது. "ஏம்மா, என்ன ஆச்சு?" என்பார். தெருவில் ஆட்கள் டப்பாவும் பிரஷ்ஷுமாக நிற்பார்கள். நான் என்ன சொல்ல? பாத்ரூம் தரையைப் பெயர்க்கிற ஆளாக இருந்தால் திறக்கிறேன் என்று சொல்ல வாய் வருமா? வராது. "ஸாரி அத்தான்" என்பதுதான் வரும். அதை மட்டும் சொல்லிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் குழந்தையோடு நிற்பேன். எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, டீச்சர்.

நாற்காலியைப் போட்டு ஏறினேன். தாழ்ப்பாளில் துரு ஏறியிருந்தது. சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டேன். முதல் தடவை தள்ளியபோது பாதியில் நின்றது. குழந்தை புரண்டு படுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மறுபடி, உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளினேன். தாழ்ப்பாள் துளைக்குள் போய் விழுந்தது.